17 கதைகளும் ஒரு தவறான தராசும்

அமெரிக்கச் சிறுகதையாளர் டெட் சியாங்கின் பெயர் எழும் கருத்தரங்குகளில் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் ஒலிக்கின்றன. ஒன்று பாராட்டாகத் தொடங்கிக் குறையாக முடிவது: இவ்வளவு ஆற்றல் உள்ளவர் ஏன் இவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறார், நாவல் எப்போது வரும்? மற்றொன்று அறிமுகமாகத் தொடங்கித் தீர்ப்பாக முடிவது: சபீர்–வோர்ஃப் கருதுகோளைக் கதையாக்கியவர். முதல் வாக்கியம் அவருடைய எழுத்து வாழ்வைத் தவறாக அளக்கிறது. இரண்டாவது அவருடைய புகழ்பெற்ற கதையைத் தவறாக வாசிக்கிறது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எண்ணிக்கையை அறிவென்று நம்பும் பழக்கமே அவற்றைப் பெற்ற தாய்.

முதலில் அளவைப் பார்ப்போம். சியாங் 1967இல் நியூயார்க் மாநிலத்தின் போர்ட் ஜெஃபர்சன் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் சீனாவில் பிறந்து, புரட்சிக் காலத்தில் தைவானுக்குச் சென்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறியவர்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பயின்ற அவர், 1989இல் கிளாரியன் எழுத்துப் பட்டறையில் கலந்துகொண்டார். அடுத்த ஆண்டே ‘ஓம்னி’ இதழில் ‘டவர் ஆஃப் பாபிலோன்’ வெளிவந்தது. அச்சேறிய முதல் கதை அது. அதற்கே நெபுலா விருது கிடைத்தது. 1991இல் மேலும் இரண்டு கதைகள். அதன்பின் ஏழாண்டு மௌனம். 1998இல் ‘ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்’, அதாவது ‘உன் வாழ்வின் கதை’. 2002இல் எட்டுக் கதைகள் அடங்கிய முதல் தொகுப்பு. 2019இல் ஒன்பது கதைகள் அடங்கிய ‘எக்ஸலேஷன்’. 29 ஆண்டுகள், இரண்டு தொகுப்புகள், 17 கதைகள். இந்தச் சிறு குவியலுக்குள் நான்கு ஹ்யூகோ விருதுகளும் நான்கு நெபுலா விருதுகளும் இருக்கின்றன. நாவல் ஒன்றுகூட இல்லை.

நம் பல்கலைக்கழகத் துறை ஒன்றின் மதிப்பீட்டுக் குழுவின் முன் இந்தத் தன்விவரக் குறிப்பை வைத்தால் என்ன நிகழும்? 1991க்கும் 1998க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை அடிக்கோடிட்டு விளக்கம் கேட்பார்கள். முதல் கதைக்கே விருது பெற்ற 23 வயது இளைஞர், அந்த வேகத்தில் ஆண்டுக்கு நான்கு கதைகள் எழுதியிருக்க வேண்டாமா என்று வினவுவார்கள். அந்த ஏழாண்டின் பெரும்பகுதி, இயற்பியலின் ஒரு கொள்கையில் பிறந்த ஓர் எண்ணத்தைக் கதையாக்கும் பொருட்டு மொழியியல் கற்பதில் கழிந்தது. இந்தப் பதிலை எழுத அவர்களுடைய படிவத்தில் கட்டம் இருக்காது.

அவர் எண்ணிக்கையை மட்டுமன்றிப் பெருமையையும் மறுத்தவர். 2003இல் ‘லைக்கிங் வாட் யூ ஸீ: எ டாக்குமென்டரி’ என்னும் கதை ஹ்யூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலுக்குத் தேர்வானது. சியாங் அந்தப் பரிந்துரையை ஏற்க மறுத்தார். வெளியீட்டு அவசரத்தின் நெருக்கடியில் அந்தக் கதை தான் விரும்பிய வடிவத்தை எட்டவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். வாசகர்களுக்குக் கதை பிடித்திருந்தது. தேர்வும் முறையாகவே நடந்தது. எழுதியவருக்கு மட்டும் அது முடிவுபெறாத வேலையாகத் தெரிந்தது. தன் பெயரில் வந்த ஒரு கட்டுரையைக் குறித்து, இது அவசரத்தில் எழுதப்பட்டது, இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பேராசிரியர் எத்தனை பேர்?

நாவல் எங்கே என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு படிக்கட்டு உருவகம் ஒளிந்திருக்கிறது. சிறுகதை பயிற்சிக்களம், நாவல் அரங்கேற்றம் என்பது அந்த உருவகம். சந்தையின் சௌகரியத்துக்காகப் பிறந்த இந்தப் படிநிலையை இலக்கியத் துறைகளும் இயற்கை விதியென ஏற்றுக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. அமெரிக்க மரபே இதற்கு எதிர்ச்சான்று தருகிறது. ரேமண்ட் கார்வர் நாவல் வெளியிடாமலேயே ஒரு தலைமுறையின் உரைநடையை மாற்றினார். கிரேஸ் பேலி 1959, 1974, 1985 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுப்புகளின் மேல் நின்றே நிலைபெற்றார். வீட்டின் சன்னலைப் பார்த்து, இது எப்போது கதவாக வளரும் என்று யாரும் கேட்பதில்லை. சியாங்கின் கதைகள் ஒவ்வொன்றும் ஓர் எண்ணத்தை அதன் கடைசி விளைவு வரை பின்தொடர்பவை. எண்ணம் தீரும் இடத்தில் கதையும் தீர்கிறது. அதன்பிறகும் நீட்டினால் கிடைப்பது பக்கங்களே.

இந்தப் பொறுமைக்கு அவர் ஒரு விலை கொடுத்தார். சியாட்டில் நகரை ஒட்டிய பகுதியில் வாழ்ந்துகொண்டு, மென்பொருள் துறையில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதிப் பிழைத்தார். பயனர் கையேடு எழுதும் வேலை சோறு போட்டது. ஆகவே கதை சோறு போட வேண்டிய கட்டாயம் இல்லாமல் போனது. எழுத்தால் வாழ்வதே எழுத்தாளரின் வெற்றி என்ற நம்பிக்கைக்கு இது முரணானது. ஆனால் அவருடைய பெயரோடு ஓயாமல் பிணைக்கப்படும் பெஞ்சமின் லீ வோர்ஃபும் இவ்வகையில் அவருக்கு உறவுக்காரரே. வோர்ஃப் ஹார்ட்ஃபோர்ட் நகரின் தீக்காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் தீத்தடுப்பு ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே மொழியியல் செய்தவர். அந்தப் பணியிலிருந்தபடியே 1941இல் மறைந்தார். சியாங்குக்கும் வோர்ஃபுக்கும் இடையே உண்மையான ஒற்றுமை தேடுவோர் இதிலிருந்து தொடங்கலாம். கருத்தரங்குகள் தேடுவதோ வேறோர் ஒற்றுமையை.

இனி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். ‘உன் வாழ்வின் கதை’யின் நாயகி லூயிஸ் பேங்க்ஸ் ஒரு மொழியியலாளர். ஏழு கால்களுடைய ஹெப்டபாடுகள் என்னும் வேற்றுக்கோள் உயிர்களின் மொழியைக் கற்கிறாள். அம்மொழி அவளுடைய காலவுணர்வை மாற்றுகிறது. மொழி சிந்தனையைத் தீர்மானிக்கிறது, ஆகவே இது சபீர்–வோர்ஃப் என்று கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. சபீரும் வோர்ஃபும் இணைந்து அப்படியொரு கருதுகோளை எழுதி வைக்கவில்லை. அவர்கள் மறைந்த பின்னரே பிறர் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஹோப்பி மொழியில் காலம் குறித்து வோர்ஃப் சொன்னவற்றை எக்கெஹார்ட் மலோட்கி 1983இல் விரிவான தரவுகளோடு மறுத்தார். மொழி சிந்தனையைச் சிறையிடுகிறது என்ற வலுவான வடிவத்தை மொழியியல் இன்று ஏற்பதில்லை. இவை முதுகலை முதல் பருவத்தின் பாடங்கள். இவற்றைச் சொல்லிவிட்டு, சியாங் காலாவதியான ஒரு கொள்கையைக் கதையாக்கினார் என்று கண்டிப்பதும் எளிது. அறிவியல் புனைவில் அதற்கு இடமுண்டு என்று மன்னிப்பதும் எளிது. கண்டிப்பவரும் மன்னிப்பவரும் கதையின் பாதியைத்தான் படித்திருக்கிறார்கள்.

கதையின் மையத்தில் வேறு இரண்டு எண்ணங்கள் இருக்கின்றன. முதலாவது இயற்பியலிலிருந்து வருவது. ஒளி ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குச் செல்லும்போது, அண்டையிலுள்ள மற்ற பாதைகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த நேரம் எடுக்கும் பாதையிலேயே பொதுவாகச் செல்கிறது என்பது ஃபெர்மாவின் கொள்கை. அப்படியானால் புறப்படும் முன்பே சேருமிடம் ஒளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்போலத் தோன்றுகிறது. காரணம் முன்னே, விளைவு பின்னே என்று மனிதர்கள் விவரிக்கும் அதே உலகை, தொடக்கமும் முடிவும் ஒருசேரத் தெரிந்த நிலையிலிருந்தும் விவரிக்கலாம். இரண்டு விவரணைகளும் ஒரே இயற்பியலையே சொல்கின்றன. ஹெப்டபாடுகளின் எழுத்து பேச்சொலியைச் சாராமல் பொருளை நேரே வரைவது. முழு வாக்கியமும் முன்னரே தெரிந்திருந்தால்தான் அதன் முதற்கோட்டை இழுக்க முடியும்.

இரண்டாவது எண்ணம் மொழியியலிலிருந்து வருவது. ஆனால் அதன் மூலவர் வோர்ஃப் அல்லர், ஜே. எல். ஆஸ்டின். சொல்வதே செயலாகும் கூற்றுகளைப் பற்றிய அவருடைய கோட்பாட்டைக் கதை வெளிப்படையாகவே கையாள்கிறது. எதிர்காலம் முழுவதும் தெரிந்த உயிர்களுக்குப் பேச்சு எதற்கு என்பது கதையின் மிகக் கடினமான கேள்வி. திருமணச் சடங்கில் குரு சொல்லப்போகும் வாசகம் கூடியிருக்கும் அனைவருக்கும் தெரியும்; ஆயினும் அவர் அதை வாய்திறந்து சொல்லும்வரை திருமணம் நிகழ்வதில்லை. ஹெப்டபாடுகளின் பேச்சு முழுவதும் இத்தகையது. செய்தி அறிவிக்க அவை பேசுவதில்லை. நிகழவேண்டியதை நிகழ்த்தப் பேசுகின்றன. இதை விளக்கச் சியாங் தேர்ந்தெடுக்கும் இன்னொரு சான்று, இரவில் கதை கேட்கும் சிறுமி. அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். இருந்தும் தாய் படிக்க வேண்டும், தான் கேட்க வேண்டும் என்கிறாள். தெரிந்ததைக் கேட்பதில் அவளுக்கு ஒரு செயல் நிறைவேறுகிறது.

அந்தச் சிறுமி 25 வயதில் மலையேற்ற விபத்தில் இறப்பாள். தாய்க்கு அது முன்பே தெரியும். தெரிந்தே அவளைப் பெற்றெடுக்கிறாள். நடந்தவற்றைப் போல நினைவுகூரும் குரலில், நடக்கப்போகும் காலத்தின் வினைகளால் மகளோடு பேசுகிறாள். நினைவு என்னும் சொல்லும் எதிர்கால வினைமுற்றும் ஒரே வாக்கியத்தில் அமரும்போது இலக்கணமே கதையின் துயரைச் சுமக்கிறது. கோட்பாட்டின் பெயரைச் சொல்லாமல் கோட்பாட்டை வினைமுற்றுக்குள் வைத்ததுதான் அந்த ஏழாண்டின் விளைச்சல். அந்த வினைமுற்றுகளை நின்று எண்ணிப் பார்க்காத வாசிப்புக்கு வோர்ஃபின் பெயரே போதுமானதாகிவிடுகிறது.

இந்தச் சுருக்கத்துக்குத் திரைப்படமும் ஒரு காரணம். 2016இல் டெனி வில்நேவ் இயக்கிய ‘அரைவல்’ நேர்த்தியான படைப்பு. எட்டு ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்றது. அதில் சபீர்–வோர்ஃப் என்ற பெயர் உரையாடலிலேயே சொல்லப்படுகிறது. எதிர்கால அறிவைக் கொண்டு நாயகி ஒரு போரைத் தடுக்கிறாள்; மகள் நோயால் இறக்கிறாள். மூலக்கதையில் தடுக்கப்படும் போர் இல்லை. வந்தவர்கள் ஏன் வந்தார்கள் என்று சொல்லாமலே போய்விடுகிறார்கள். அறிவு அங்கே ஆயுதமாக மாறுவதில்லை. விபத்து என்பது கவனித்தால் தவிர்க்கக்கூடியது. அதைத் தவிர்க்காமல் ஏற்பதில்தான் கதையின் கூர்மை இருக்கிறது. நோயாக மாற்றியபோது அந்தக் கூர்மை மழுங்கியது. கதையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவும் உண்மையில் படத்தைப் பற்றியவையே என்பதற்கு, அவற்றில் ஃபெர்மாவும் ஆஸ்டினும் இல்லாமையே சான்று.

மொழியியல் மாணவர்கள் வாசிக்கவேண்டிய சியாங்கின் இன்னொரு கதை இந்தப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. 2013இல் வந்த ‘தி ட்ரூத் ஆஃப் ஃபேக்ட், தி ட்ரூத் ஆஃப் ஃபீலிங்’ அது. அதன் ஒரு பாதி, வாய்மொழி மரபில் வாழும் டிவ் சமூகத்தைச் சேர்ந்த ஜிஜிங்கி என்ற சிறுவன் பாதிரியார் ஒருவரிடம் எழுத்துக் கற்பதைச் சொல்கிறது. பேச்சில் ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது, தாளில் இடைவெளியைக் கண்ட பிறகே அவனுக்குப் புலப்படுகிறது. அவனுடைய மொழியில் உண்மைக்கு இரண்டு சொற்கள்: ஒன்று சமூகத்துக்குச் சரியானது, மற்றொன்று நிகழ்ந்ததைத் துல்லியமாகச் சொல்வது. மறுபாதியில், வாழ்வு முழுவதையும் பதிவுசெய்யும் கருவியின் உதவியால் ஒரு தந்தை பழைய சண்டை ஒன்றை மீண்டும் பார்க்கிறார். மகள் தன்மீது வீசியதாக அவர் ஆண்டுக்கணக்கில் நம்பியிருந்த கொடுஞ்சொல், உண்மையில் அவர் மகள்மீது வீசியது. எழுத்து என்ற தொழில்நுட்பம் நினைவை என்ன செய்கிறது என்று இவ்வளவு நிதானமாகக் கேட்ட புனைவுகள் சிலவே. இதற்கு ஒட்டத் தயாராக ஒரு சீட்டு இல்லை. ஆகவே கட்டுரைகளும் இல்லை.

இரண்டு வாக்கியங்களும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொன்னதன் பொருள் இதுதான். மெதுவாக எழுதியவரைக் குறைவாக எழுதியவர் என்று அளக்கும் அதே கை, அவரைப் பற்றி மூன்று வாரத்தில் கட்டுரை எழுதுகிறது. மூன்று வாரத்தில் ஃபெர்மாவையும் ஆஸ்டினையும் கற்க முடியாது. ஒரு சீட்டை ஒட்டலாம். சீட்டு ஒட்டிய கட்டுரை பட்டியலில் ஓர் எண்ணாகிறது. அந்த எண்ணைக் கொண்டு அடுத்தவர் அளக்கப்படுகிறார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இந்தத் தராசு விதியாகவே இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களின் பணியை மதிப்பெண்களாக மாற்றியது. 2016ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் உரையாற்றியிருக்க வேண்டும் என்றன. தேவை பெருகிய இடத்தில் போலி இதழ்கள் முளைத்தன. அவற்றை வடிகட்ட ‘கேர்’ பட்டியல் வந்தது. 2025இல் அதுவும் கைவிடப்பட்டது. ஆய்வேட்டுக்கு முந்தைய வெளியீட்டுக் கட்டாயத்தை 2022ஆம் ஆண்டு விதிகள் நீக்கிவிட்டன. விதி நீங்கிய பிறகும் பல துறைகளில் பழக்கம் நீங்கவில்லை. எழுத்து வடிவம் பெறாத ஒரு மொழியின் வினைத்திரிபுகளைப் பதிவுசெய்ய மலைக்கிராமம் ஒன்றில் ஓராண்டு தங்கும் மாணவியை எண்ணிப் பாருங்கள். லூயிஸ் பேங்க்ஸ் இராணுவ அதிகாரியிடம் வலியுறுத்துவதும் அதுதானே: ஒலிப்பதிவைக் கேட்டு மொழி கற்க முடியாது, பேசுபவரோடு நேரில் உறவாட வேண்டும். அந்த மாணவியின் ஆண்டு அறிக்கையில் ‘வெளியீடுகள்’ என்ற கட்டத்தில் சுழியம் இருக்கும். அதே ஆண்டில் ‘அரைவல்’ படத்தில் மொழிச் சார்புக் கொள்கை என்று எழுதியவரின் கட்டத்தில் ஒன்று இருக்கும். எது மொழியியல் என்று அந்தக் கட்டத்துக்குத் தெரியாது. அதை நிரப்பச் சொல்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றுள் இரண்டு வலுவானவை. முதலாவது: சியாங்குக்கு மென்பொருள் துறையின் ஊதியம் இருந்தது, காத்திருக்க முடிந்தது, உதவித்தொகை முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் மாணவருக்குப் பொறுமையைப் போதிப்பது கொடுமை. இது உண்மை. ஆகவேதான் இந்தக் குற்றச்சாட்டு மாணவரை நோக்கியது அன்று. எண்ணைக் காட்டாவிட்டால் நேர்காணலுக்கே அழைப்பு வராத நிலையில் எண்ணைத் தேடுபவரைப் பழிப்பதில் நியாயமில்லை. சியாங் தன் கதையைத் தன் பிழைப்பிலிருந்து பிரித்துக் காப்பாற்றினார். ஆய்வாளருக்கு அந்தப் பிரிவு வாய்க்காது. ஆய்வே அவருடைய பிழைப்பு. அந்தக் காப்பை நிறுவனம்தான் தரவேண்டும். அதைத் தரும் அதிகாரம் உடையவர்கள், சியாங்கைப் பாடத்திட்டத்தில் வைத்துப் புகழ்ந்துவிட்டு, மாலையில் மதிப்பெண் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். குற்றச்சாட்டு அவர்களை நோக்கியது.

இரண்டாவது: குறைவாக எழுதுவது தானாகவே சிறப்பாகிவிடுமா? ஆகாது. எழுதாமல் இருப்பதற்குச் சோம்பலும் அச்சமும்கூடக் காரணமாகலாம். சியாங்கின் கதைகளிலும் குறைகள் உண்டு. வெவ்வேறு காலத்து, வெவ்வேறு நாட்டு மாந்தர்கள் பலர் ஒரே சீரான, உணர்ச்சி அடங்கிய குரலில் பேசுகிறார்கள். ஹ்யூகோ பெற்ற ‘தி லைஃப்சைக்கிள் ஆஃப் சாஃப்ட்வேர் ஆப்ஜெக்ட்ஸ்’ நெடுந்தூரம் அறிக்கை நடையில் நகர்கிறது. எண்ணிக்கை குறைந்ததால் இக்குறைகள் மறைந்துவிடவில்லை. ஆனால் இவற்றைச் சொல்வதற்கு அந்தக் கதைகளைப் படித்திருக்க வேண்டும். 17 என்ற எண் இந்தக் குறைகளைக் காட்டவில்லை, நிறைகளையும் காட்டவில்லை. எண் எதையும் காட்டுவதில்லை என்பதே இங்கு வாதம்.

சியாங்கின் பிற்காலக் கட்டுரைகள் இந்த வாதத்தை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்கின்றன. 2023 பிப்ரவரியில் ‘நியூ யார்க்கர்’ இதழில், உரை உற்பத்தி செய்யும் கணினி நிரல்களை, இணையத்தை அழுத்திச் சுருக்கியதால் மங்கிப்போன படத்துக்கு ஒப்பிட்டார். 2024இல் அதே இதழில், கலை என்பது எண்ணற்ற தெரிவுகளின் தொகுப்பு என்றார்: பத்தாயிரம் சொற்கள் கொண்ட கதைக்குப் பின்னால் ஏறத்தாழப் பத்தாயிரம் தெரிவுகள் இருக்கின்றன, சில சொற்களில் கட்டளையிட்டு முழுக்கதையைப் பெறுபவர் அந்தத் தெரிவுகளைச் செய்வதில்லை. பலர் இதைப் புதிய தொழில்நுட்பத்தின்மீது ஒரு பழைய எழுத்தாளரின் எரிச்சலாகப் பார்த்தார்கள். 2003இல் ஒரு விருதுப் பரிந்துரையை மறுத்தவர், செய்து முடிக்கப்படாத தெரிவுகளின் பெயரால்தான் அதை மறுத்தார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். அவருடைய எழுத்து வாழ்வு முழுவதும் இந்த ஒரே கருத்தின் நடைமுறை வடிவம்.

இந்தக் கருத்து ஆய்வுலகத்தை விட்டுவைக்காது. கட்டுரை என்பது எண்ணப்படும் பொருள் மட்டுமே என்றால், அதை மனிதர் எழுதவேண்டிய தேவை ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. சீட்டு ஒட்டும் வேலையை இயந்திரம் சில நொடிகளில் செய்கிறது, களைப்பின்றி, உதவித்தொகையின்றி. எண்ணிக்கைப் போட்டியில் அது என்றோ வென்றுவிட்டது. மனிதருக்கு எஞ்சியிருப்பது, ஒரு வினைமுற்றைத் தேர்ந்தெடுக்க ஏழாண்டு எடுத்துக்கொள்ளும் உரிமை ஒன்றே. அந்த உரிமையை மாணவருக்கு மறுத்துவிட்டு, இயந்திரத்தால் கட்டுரை எழுதினார் என்று அவரையே விசாரிக்கும் குழுக்கள் இப்போது அமைக்கப்படுகின்றன. விசாரிக்கப்படவேண்டியது தராசு.

அடுத்த கருத்தரங்கில் எவரேனும் எழுந்து, சியாங் ஏன் இவ்வளவு குறைவாக எழுதினார் என்று கேட்டால், அவரிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி உண்டு: அந்தப் பதினேழில் எத்தனையை இரண்டாம் முறை படித்தீர்கள்?